புளிப்புப் பக்கம்

எஸ்தர் படித்துக்கொண்டிருந்த புழுவை அவளுடைய அம்மா ரோசம்மாவுக்கு முன்பே தெரியும். வயிற்றில் வைத்து வளர்த்த அளவுக்குத் தெரியும். மூத்தவன் ரெஜினோல்ட் பிறக்க இருந்த வருடம் ரோசம்மா ரப்பர் மலையில் மயங்கி விழுந்தாள். நாலு பேர் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கண்ணிமையை இழுத்துப் பார்த்த டாக்டர் உடம்பில் ரத்தமே இல்லை என்று சொல்லி, இரும்பு மாத்திரையும் பூச்சி மருந்தும் கொடுத்து அனுப்பினார்.

கொக்கிப்புழு ஈரமண்ணில் கிடக்கும். வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறி, கடைசியில் குடலில் போய்க் கடித்துத் தொங்கும். ரப்பர் மலைச் சரிவில் செருப்புப் போட்டால் வழுக்கும், அதனால் பால் வெட்டுகிறவர்கள் அநேகமாக வெறுங்கால்தான். புழுவுக்கு அதைவிட என்ன வசதி வேண்டும்.

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் எஸ்தர் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் கேட்டார்கள், என்ன படிப்பு என்று. அவள் சொன்னதில் பூச்சி என்ற ஒரு சொல் மட்டும் நின்றது. அதன் பிறகு 'ரோசம்மா மகள் பூச்சி படிக்குது' என்பதே பேச்சாகிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் அவள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னாள். கடித்த இடத்தில் ரத்தம் உறைந்துவிட்டால் புழுவுக்குச் சாப்பாடு நின்றுபோகும், அதனால் அது ஒரு புரதத்தைத் துப்புகிறது, அது இருக்கும்வரை ரத்தம் கட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்றாள்.

ரோசம்மா ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் காலத்தில் மரத்தில் கட்டிய சிரட்டையிலேயே பால் கட்டிவிடாமல் இருக்க அவளும் ஒரு சொட்டு அமோனியாத் தண்ணீர் விடுகிறவள்தான்.

"அப்ப நாங்க மரத்த வெட்டுறோம், அது எங்கள வெட்டுது" என்றாள். "அதுவும் அமோனியா போட்டுத்தான் வெட்டுது."

எஸ்தரின் நாலு வருடப் படிப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்த அமோனியா பின்னால் அவளை எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்று இரண்டு பேருக்கும் தெரியாது.

புரதம் என்பது ஒரு நீளக் கயிறு. அது தானே சுருண்டு மடிந்து ஒரு வடிவத்துக்கு வரும். வடிவம் தெரிந்தால்தான் அது ரத்தத்தில் எதைப் போய்ப் பிடிக்கிறது, எந்தப் பக்கத்தால் பிடிக்கிறது என்று தெரியும். அது தெரிந்தால் நாளைக்கே மருந்து வந்துவிடாது. ஆனால் மருந்து செய்கிறவன் எங்கே தொடங்குவது என்றாவது தெரிந்துகொள்வான்.

அதற்காக யாரும் புழுவைப் பிடித்துப் பிழிவதில்லை. புழுவின் அந்த ஒரு மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்து, கனமான நைட்ரஜனைத் தீனியாகப் போட்டு வளர்த்தால், ஈஸ்ட் அந்தப் புரதத்தைச் செய்து வெளியே விடும். அதைச் சுத்தம் செய்து, திரட்டி, கடைசியில் பேனாவைவிட மெல்லிய ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டால் அரைவிரல் உயரத்துக்கு நிற்கும். ஒரு வருட உழைப்பு அவ்வளவுதான். அந்தக் குழாயைக் காந்த ஒத்ததிர்வு இயந்திரத்துக்குள் இறக்க வேண்டும். ஆள் உயரத்தைத் தாண்டிய வெள்ளை உருளை அது. உள்ளே இருக்கும் காந்தத்தில் அணுக்கருக்கள் எல்லாம் ஒழுங்காக நிற்கும். வானொலி அலையால் தட்டினால் ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்துக்கு ஏற்ற சுருதியில் பதில் சொல்லும். அந்தப் பதில் திரையில் ஒரு புள்ளியாக விழும். எந்தப் புள்ளி கயிற்றின் எந்தக் கண்ணி என்று பேர் வைத்து முடித்தால்தான் வடிவத்தைக் கணக்குப் போடலாம்.

வீட்டில் அந்த இயந்திரத்துக்கு 'காந்தம்' என்றே பேர். காந்தத்துக்கு எப்போது போகிறாய் என்று அப்பா தோமஸ் கேட்பார், ஏதோ கோர்ட்டுக்குத் தவணைக்குப் போவது போல.

அந்த மாதம் எஸ்தர் வீட்டில் இருந்தாள். பல்கலைக்கழகத்தில் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தம், ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு. விடுதியில் சும்மா கிடந்து சோற்றுப் பார்சல் வாங்கித் தின்பதைவிட யட்டியாந்தோட்டைக்கு பஸ் ஏறுவது மேல் என்று வந்துவிட்டாள். பேர் வைக்கும் வேலைக்கு மடிக்கணினி போதும். காலையில் அம்மா மலைக்குப் போனதும் அவள் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்துப் பாறைக்குப் போவாள். அங்கேதான் போனுக்கு சிக்னல் வரும், அட்டை ஏறாது. மடியில் கணினியை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாகப் பார்ப்பாள்.

வேலை என்னவோ காலைப் பெரட்டு மாதிரித்தான். கங்காணி பேர் கூப்பிடுவார், ஆட்கள் ஒவ்வொருவராகக் கை தூக்குவார்கள். இந்தப் புரதத்திலும் அநேகமாக எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். ஒரு கூட்டம் மட்டும் வரவில்லை. சிதறிக் கிடந்த ஆட்கள் என்றால் பரவாயில்லை. எல்லாம் அடுத்தடுத்து நிற்கும் ஆட்கள், கயிற்றில் ஒரே வளைவைச் சேர்ந்தவர்கள். ரத்தத்தைப் பிடிக்கும் பக்கம் அந்த வளைவுதான் என்று எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். மரத்தையும் சிரட்டையையும் படமாக வரைந்துவிட்டுக் கத்தியை விட்டுவிட்ட மாதிரி இருந்தது எஸ்தரின் வேலை.

ரெஜினோல்ட் பஜாரில் த்ரீவீல் ஓட்டுகிறவன். மதியம் சாப்பிட வரும்போது பாறைக்கு மேலே எட்டிப் பார்த்து, வராதவர்கள் வந்துவிட்டார்களா என்று கேட்பான். இல்லை என்றால், "அப்ப அரைப்பேரு போட்டு அனுப்பு" என்பான். அரைநாள் சம்பளத்துக்குத் தோட்டத்தில் சொல்லும் சொல் அது. எஸ்தர் கையில் கிடைத்த மாங்கொட்டையை எறிவாள்.

சிரித்தாலும் அவளுக்கு உள்ளே உதைத்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தது ஒரே குழாய். கனமான நைட்ரஜன் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும், இன்னொரு தரம் வரவழைக்க ஆராய்ச்சித் திட்டத்தில் வழி இல்லை. காந்தம் இருந்தது வேறொரு நிறுவனத்தில். மாதக் கடைசியில் ஒரு தவணை கொடுத்திருந்தார்கள், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வேறு ஆட்களுக்கு. அந்தத் தவணையில் வளைவு பேசவில்லை என்றால் கத்தி இல்லாத படத்தோடு ஆராய்ச்சியை மூட வேண்டும். பட்டம் கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் அவள் அந்த வளைவுக்காகத்தான் நாலு வருடம் இருந்தாள்.

வராததற்குக் காரணம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. புள்ளியாக விழுவது நைட்ரஜனோடு ஒட்டி நிற்கும் ஹைட்ரஜன். வளைவு தளர்வாக ஆடிக்கொண்டிருந்தால் சுற்றி இருக்கும் தண்ணீர் அந்த ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுக்கும். இந்த மாற்று வேகமாக நடந்தால் காந்தத்துக்கு ஆள் பிடிபடாது. கரைசல் காரப் பக்கம் போகப் போகப் பிடுங்கல் கூடும், புளிப்புப் பக்கம் வந்தால் அடங்கும். இது அந்தத் துறையில் முதல் வருடப் பாடம். எஸ்தரின் குழாய் காரப் பக்கம் இருந்தது. பிஎச் அளவை ஐந்தரைக்குக் கொண்டுவரலாமே, கொஞ்சம் அசிட் விட்டால் போதுமே என்று அவளுடைய பேராசிரியை பளீலா மேடம் போன வருடமே சொன்னார்.

"அசிட் பட்டா இது திரைஞ்சிடும் மேடம்" என்று எஸ்தர் சொன்னாள்.

அவள் சொன்ன விதத்தில் சந்தேகமே இருக்கவில்லை. செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள் என்று மேடம் எடுத்துக்கொண்டார். பேச்சு அதோடு முடிந்தது. இப்போது பாறையில் உட்கார்ந்து போனில் பேசும்போதும் மேடம் அந்தக் கதவு மூடியது என்றே வைத்துக்கொண்டு, வரும் தவணையில் குளிரைக் கூட்டிப் பார்ப்போம், கொஞ்சம் அடங்கினாலும் அடங்கும் என்றார். எஸ்தரும் சரி என்றாள். குளிரினால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். தோமஸ் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை. மலையில் இருந்து வாளி வாளியாக வரும் பாலை வடித்து, தண்ணீர் கலந்து, தட்டங்களில் ஊற்றி, அசிட் கலந்து விடுவார். அதற்குப் பிறகு பால் என்று ஒன்று இருக்காது. வெள்ளைக் கட்டிதான், உருளையில் கொடுத்து ஷீட் ஆக்கிப் புகைக்கு ஏற்றுவார்கள். அந்தப் புளித்த நெடியில்தான் எஸ்தர் வளர்ந்தாள். சின்ன வயதில் ஒரு நாள் விளையாட்டாக அசிட் கலந்த தண்ணீரை வடிக்காத பால் தொட்டிக்குள் ஊற்றிவிட்டாள். தொட்டி முழுவதும் தூசியும் பட்டையும் சேர்ந்து அப்படியே கட்டிப்போனது. கணக்கப்பிள்ளை குதித்தார். தோமஸ் ஒன்றும் பேசாமல் கத்தியால் வெட்டி வெட்டி எடுத்தார். அடித்திருந்தால்கூட மறந்திருப்பாள்.

அந்த லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அசிட் போத்தல் என்றால் பாம்பு மாதிரி. பெரியவர்கள் இன்னும் மோசம். மலையில் சாப்பிடும்போது புளிச்சோறோ ஊறுகாயோ இருந்தால் வாளியைவிட்டுத் தள்ளி, வேறு மரத்தடிக்குப் போய்த்தான் பார்சலை அவிழ்ப்பார்கள். தின்ற கையை மண் போட்டுக் கழுவாமல் சிரட்டையைத் தொடமாட்டார்கள். ரோசம்மாவோடு வெட்டும் மல்லிகா ஒரு தரம் மறந்துபோய் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊறுகாயைத் திறந்ததற்கு, "வாளிக்கும் ரெண்டு சோறு ஊட்டி விடு" என்று ரோசம்மா கேட்டதை மலை முழுவதும் சொல்லிச் சிரித்தார்கள்.

தோமஸ் சாப்பிட்டுக்கொண்டே, இந்தத் தரம் காந்தம் சரிவருமா என்று கேட்டார். பார்ப்போம் என்றாள். அவர் தலையாட்டிவிட்டு மீன் முள்ளைப் பூனைக்குப் போட்டார்.

மறுநாள் ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் ரோசம்மா இடியாப்பம் அவித்தாள். சொதி எஸ்தரின் பொறுப்பு. வெங்காயமும் பச்சைமிளகாயும் மஞ்சளும் போட்டு வெந்ததும் தேங்காய்ப்பாலை விட்டு, நுரை கட்டியபோது சட்டியை இறக்கினாள். வெளியே தண்ணீர் விழும் பீலியடியில் மல்லிகாவும் ரோசம்மாவும் கால் கழுவிக்கொண்டே யாருடைய கலியாணத்தையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தபடியே ரோசம்மா குரல் கொடுத்தாள்.

"இறக்கிட்டா தேசிக்கா விடுடி."

எஸ்தர் பாதித் தேசிக்காயைச் சட்டிக்கு மேலே பிழிந்தாள். அகப்பையால் கிண்டினாள். உப்புப் பார்த்தாள். இன்னும் புளிப்பு வேண்டும் போல இருந்தது, மற்றப் பாதியையும் பிழிந்தாள்.

பிழிந்த கை அப்படியே நின்றது.

சொதி மஞ்சளாக, மழமழவென்று, ஒரு பொட்டுத் திரையாமல் இருந்தது. ஞாயிறு தவறாமல் இருந்து வருவதுதான். எட்டு வயதில் இருந்து அவளே பாலுக்குள் புளி விட்டுக்கொண்டிருக்கிறாள். பால் என்று பேர் இருக்கிற ஒன்றுக்குள், தன் கையால், பயமே இல்லாமல்.

சொதி எதையும் நிரூபிக்கவில்லை. தேங்காய்ப்பால் வேறு, கொக்கிப்புழுவின் புரதம் வேறு, ரப்பர் பால் வேறு என்று அவளுக்குத் தெரியும். அந்தப் புரதம் எந்த அளவில் திரையக்கூடும் என்று கணக்குக்கூடப் போட்டு வைத்திருந்தாள். ஐந்தரைக்கும் கீழேதான் வந்தது. அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டும், இருக்கட்டும், எதற்கு வம்பு என்று காரப் பக்கமே, அமோனியாப் பக்கமே குழாயை வைத்திருந்தாள். ஒரு சொட்டு அசிட் விட்டுப் பார்க்கவில்லை. ஒரு தரம்கூட. 'திரைஞ்சிடும்' என்று மேடத்திடம் சொன்னது ஆய்வுக்கூடத்தில் கண்டது இல்லை. ஸ்டோர் தொட்டியில் கண்டது.

ரோசம்மா உள்ளே வந்தபோது மகள் பிழிந்த தேசிக்காய்த் தோலைப் பிடித்துக்கொண்டு சட்டியைப் பார்த்தபடி நின்றாள். பல்லி ஏதும் விழுந்துவிட்டதா என்று ரோசம்மா பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை, கொஞ்சம் போன் பேசிவிட்டு வருகிறேன் என்று எஸ்தர் பாறைக்கு ஏறினாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்ன அம்மாவின் குரல் பின்னாலேயே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேராசிரியையைக் கூப்பிடுவது முறையில்லை. இருந்தாலும் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேராகவே போட்டு உடைத்தாள்.

"மேடம், அந்த அசிட் விஷயம். நான் செஞ்சு பாக்கல."

சிக்னல் போய்விட்டதோ என்று எஸ்தர் பாறையின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"திரையும்னு சொன்னீங்களே" என்றார் மேடம்.

"சொன்னேன். எங்க வீட்டுல ரப்பர் பால் திரையும். அத வச்சு சொல்லிட்டேன்."

பளீலா மேடம் கண்டிப்பான ஆள். அளந்ததை அளந்தேன் என்றும் அளக்காததை அளக்கவில்லை என்றும் சொல்லாதவர்களை அவர் ஆய்வுக்கூடத்தில் வைத்துக்கொண்டதில்லை. கீழே லயத்தில் மல்லிகாவின் சேவல் எதையோ துரத்திக்கொண்டு ஓடியது.

"ஒரு வருஷமா நான் அத நம்பிட்டு இருந்திருக்கேன்" என்றார் மேடம் மெதுவாக. "எந்த அளவுல திரைஞ்சிச்சின்னு ஒரு தரமாவது நான் கேட்டிருக்கணும். கேக்கல்ல. ரெண்டு பேரும் மடையங்க."

பிறகு அவர் சிரித்தார். எஸ்தர் எதிர்பார்க்காதது அது. வேலைநிறுத்தம் நாளைக்கு முடிகிறது என்று செய்தி வந்திருக்கிறது, செவ்வாய் காலையில் வந்துவிடுங்கள், முதலில் சும்மா புரதத்தில் பார்ப்போம் என்று சொல்லி வைத்தார். சொதி ஆறிப்போயிருந்தது. எஸ்தர் இடியாப்பத்தை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

சும்மா புரதம் என்றால் கனமான நைட்ரஜன் இல்லாமல், பழகுவதற்காக முன்பு செய்து வைத்த மிச்சம். செவ்வாய்க்கிழமை அதைத்தான் முதலில் வெளியே எடுத்தார்கள். எஸ்தர் கொஞ்சத்தைச் சின்னக் குப்பியில் விட்டு, நுனி மெல்லிய குழலால் அசிட்டில் ஒரு துளி எடுத்து மேலே விட்டாள்.

துளி விழுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது.

அவளுக்குத் தொட்டி ஞாபகம் வந்தது, கத்தியும் ஞாபகம் வந்தது. குப்பியை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பின்னால் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்ற மேடம், ஆட்டிப் பாருங்கள் என்றார். எஸ்தர் விரலால் தட்டினாள். நூல் சுழன்றது, மெலிந்தது, காணாமல் போனது. குப்பியில் இருந்தது மறுபடியும் தண்ணீர் போலத் தெளிவாக நின்றது. இன்னொரு துளி. மறுபடி நூல், மறுபடி தெளிவு. ஐந்தரை வந்தும் தெளிவுதான். ஒரு பகல் முழுவதும் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அது கட்டுகிற வழியாக இல்லை. குடலுக்குள் பிழைக்க வந்த பொருள், அவ்வளவு சீக்கிரம் கலங்குமா.

அதற்குப் பிறகுதான் உண்மையான குழாய். நீங்களே விடுங்கள் என்று எஸ்தர் மேடத்திடம் கேட்டாள். மேடம் மறுத்துவிட்டார். தன் கண்ணுக்கு இப்போது கண்ணாடி போட்டாலும் நுனி தெரியாது என்றார். எஸ்தர் விட்டாள். நூல் வந்தது, போனது. குழாயை மூடியபோது அவள் முதுகு நனைந்திருந்தது.

காந்தம் இருந்த நிறுவனத்தில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பயாஸ். போன தரம் எஸ்தரின் திரையைப் பார்த்துவிட்டு, இது ஊமைப் பூச்சி என்று முடிவு சொன்னவர். வாசலிலேயே போன், சாவி, பேர்ஸ் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். காந்தத்துக்குப் பக்கத்தில் அவை போகக்கூடாது.

"இன்டைக்காவது உங்கட பூச்சி வாயத் தொறக்குமா, புள்ள?" என்றார்.

"அசிட் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கேன், பயாஸ் நானா."

"ஆ, அப்ப கத்தும்."

குழாய் காற்று மெத்தையில் மிதந்து உள்ளே இறங்கியது. பயாஸ் சுருதி சேர்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டார். இந்த வேலையில் உடனே ஒன்றும் தெரியாது. இயந்திரம் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, இரைச்சலில் இருந்து மெல்ல எழும்பும். எஸ்தர் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். முதலில் வந்தவர்கள் எல்லாம் முன்பே தெரிந்தவர்கள். இடம் கொஞ்சம் நகர்ந்திருந்தார்கள், ஆள் அவர்களேதான். பயாஸ் தந்த மாரி பிஸ்கட்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பிறகு திரையின் மேல்பக்கம், மற்ற எல்லோரையும் விட்டு விலகி, ஒரு புள்ளி மங்கலாகத் தெரிந்தது. அந்த இடத்தில் கிளைசின் என்ற ஒரு வகைக் கண்ணிதான் நிற்கும். இந்தக் கயிற்றில் பேர் கொடுக்காமல் மிச்சம் இருந்த கிளைசின் ஒன்றே ஒன்று. அது வளைவின் நடுவில் இருப்பது.

எஸ்தர் அந்தப் புள்ளியின் மேல் பென்சிலை வைத்தாள். எடுக்கவில்லை. இரைச்சலாக இருந்தால் போய்விடும். போகவில்லை. தட்டத் தட்டக் கறுத்தது. அதற்குக் கீழே இன்னொன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் நெரிசலுக்குள் தோளை இடித்துக்கொண்டு இரண்டு. பிந்தி வந்து பெரட்டுக்களத்தில் பின்வரிசையில் நழுவி நிற்கிறவர்களைப் போல ஒவ்வொன்றாக வந்து நின்றன.

பயாஸ் எட்டிப் பார்த்தார். "இந்தா, வந்திரிச்சே" என்றார். எஸ்தர் தலையை மட்டும் ஆட்டினாள். பேசினால் அழுதுவிடுவாள் போல இருந்தது, அந்த மனிதருக்கு முன்னால் அழுவது கூச்சம். பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

எல்லோரும் வரவில்லை. வளைவின் ஓரத்தில் இரண்டு பேர் கடைசிவரை வரவே இல்லை. மேடத்துக்கு அது போதும். எஸ்தர் வாசலில் போனை வாங்கி அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள், மற்றதைத் திங்கட்கிழமை பேசுவோம் என்று எழுதி அனுப்பினார். எஸ்தருக்கும் போதும். பேர்கள் கிடைத்துவிட்டன, இனி மற்ற அளவைகள், தூரங்கள், வடிவம். அவை உழைப்புத்தான். உழைப்புக்கு அவள் பயந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் யட்டியாந்தோட்டை பஸ்ஸில் இருந்து இறங்கியபோது மழை தூறியது. ரெஜினோல்ட் த்ரீவீலோடு நின்றான். முகத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது அவனுக்கு. வராதவர்கள் வந்துவிட்டார்களா என்று கேட்டான். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் என்றாள். அந்த இரண்டு பேருக்கும் அரைப்பேர் என்று அவன் தீர்ப்புச் சொல்லி, வழியில் பேக்கரியில் நிறுத்தி மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கினான்.

தோமஸ் குளித்துவிட்டுத் தின்பண்டத்துக்கு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். சின்ன வயதுத் தொட்டிக் கதை வந்தபோது, அப்படி ஒன்று நடந்ததா என்றார். அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. பால் கட்டிப்போவது அந்த ஸ்டோரில் வருடத்துக்கு எத்தனையோ தரம், யார் எழுதி வைக்கிறது. எஸ்தர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் அவள் மட்டும் அதைச் சுமந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது.

"அது சரி, என்ன அசிட் போட்ட?" என்று கேட்டார் தோமஸ்.

"வினாகிரியில இருக்கிறதுதாம்பா."

"வினாகிரியா?" அவருக்கு அது ஒரு அசிட்டாகவே படவில்லை. "அதுக்கா இத்தன பயம்?"

ரோசம்மா பணிஸை இரண்டாகப் பிட்டு, மீன் கூடுதலாக இருந்த பாதியை மகளிடம் தள்ளினாள். அவளுக்கு வேறு கேள்வி இருந்தது.

"அப்ப பூச்சி எங்கள எப்பிடி வெட்டுதுன்னு தெரிஞ்சிருச்சா?"

"கத்தி எந்தப் பக்கம்னு தெரிஞ்சிருக்கு. எப்பிடிப் புடிக்குதுன்னு இனித்தான் பாக்கணும்."

"பாரு பாரு. அது வரைக்கும் நாங்க பூச்சி மருந்து குடிக்கிறோம்."

செருப்பும் போடலாமே என்றாள் எஸ்தர். போட்டுக்கொண்டு நீ ஒரு நாள் அந்தச் சரிவில் வெட்டிப் பார் என்று ரோசம்மா முடித்துவிட்டாள். வழுக்காத செருப்பைக் கண்டுபிடிப்பது வேறு யாருடையதோ ஆராய்ச்சி.

சனிக்கிழமை அவள் அம்மாவோடு மலைக்குப் போனாள். பால் இறங்கி முடிந்து, சிரட்டைகளை வாளிகளில் வழித்து ஊற்றிய பிறகு சாப்பாட்டு நேரம். மல்லிகா பார்சலை எடுத்துக்கொண்டு வந்தாள். ரோசம்மாவிடம் தேசிக்காய் ஊறுகாய் இருந்தது. எஸ்தர் வாளிக்குப் பக்கத்தில் காய்ந்த இடமாகப் பார்த்து உட்காரப் போனாள்.

"எங்கடி உக்காருற?" என்றாள் ரோசம்மா. "காந்தத்துக்குப் போயிட்டு வந்தா எல்லாம் மறந்திருமா?"

எஸ்தர் எழுந்தாள். ரப்பர் பாலுக்கு அது சரிதான். மூன்று பேரும் வாளிகளை விட்டுத் தள்ளி, நாலாவது மரத்தடிக்குப் போய் ஊறுகாயைத் திறந்தார்கள்.